லீனா போ பார்டியின் பிரேசில்: சாவோ பாவுலோவிலிருந்து சல்வடோர் வரை

செவ்வாய், சாவோ பாவுலோ

மாஸ்ப் அருங்காட்சியகத்தில் செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் இலவச அனுமதி, அதனால் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு அவசரம் இல்லை. அவெனிடா பவுலிஸ்டாவின் இரண்டு பக்கமும் வங்கிகளும் அலுவலகங்களும் இடைவெளி விடாமல் உயர்ந்து நிற்க, இந்த ஓரிடத்தில் மட்டும் தரை திறந்து கிடக்கிறது. தலைக்கு மேலே 8 மீட்டர் உயரத்தில் ஒரு முழு அருங்காட்சியகம். இந்த முனையில் இரண்டு தூண், அந்த முனையில் இரண்டு தூண், நடுவில் 70 மீட்டருக்கு மேல் எந்த முட்டும் கிடையாது. நான் கட்டட வேலை பார்ப்பவன். ஹாலுக்கு நடுவில் தூண் வேண்டாம் என்று வீட்டுக்காரர் கேட்டாலே கணக்குப் போட்டு, கம்பி கூட்டி, செலவைச் சொல்லி, அவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பழகியவன். அந்தக் கண்ணோடு அண்ணாந்து பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இதை வடிவமைத்தவர் லீனா போ பார்டி. 1914இல் ரோமில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை படித்து, 1946இல் கணவர் பியெத்ரோ மரியா பார்டியோடு கப்பலேறி பிரேசிலுக்கு வந்து, 1951இல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, 1992இல் இந்த ஊரிலேயே இறந்தவர். பிரேசில் கட்டடக்கலை என்றாலே உலகம் ஆஸ்கர் நீமேயரையும் அவர் கட்டடங்கள் நிற்கும் தலைநகர் பிரசிலியாவையும்தான் சொல்லும். நீமேயரின் வளைவுகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் லீனாவின் கட்டடங்களில் ஜனங்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இந்தப் பயணமே அவர் கட்டியவற்றைப் பார்க்கத்தான்.

மாஸ்ப்பின் கதை இது. பத்திரிகை முதலாளி அசிஸ் ஷாத்தோப்ரியாங் பியெத்ரோவை அழைத்து ஒரு கலை அருங்காட்சியகம் தொடங்கச் சொன்னார், 1947இல் தன்னுடைய பத்திரிகை அலுவலகக் கட்டடத்திலேயே இடமும் கொடுத்தார். நாளடைவில் இடம் போதவில்லை. பவுலிஸ்டாவில் இந்த மனை இருந்தது, ஆனால் இங்கிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் காட்சியை மறைத்துக் கட்டக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்ததாகச் சொல்வார்கள். லீனா மனையை அப்படியே விட்டுவிட்டு அருங்காட்சியகத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி மேலே ஆகாயத்தில், இன்னொரு பாதி சாலை மட்டத்துக்குக் கீழே சரிவில். நடுவில் இருப்பது ஊருக்கு. 1957இல் ஆரம்பித்த வேலை 1968 நவம்பரில்தான் முடிந்தது, திறப்பு விழாவுக்கு எலிசபெத் ராணியே வந்திருக்கிறார்.

பிரீஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட்டை, அதாவது உள்ளே கம்பிகளை இழுத்து இறுக்கிய கான்கிரீட்டை, கணக்குப் போட்டவர் ஃபிகெய்ரெடோ ஃபெராஸ் என்ற பொறியாளர், பிற்பாடு இந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர். வெளியில் சிவப்பாகத் தெரியும் இரண்டு ராட்சச பீம்கள்தான் எல்லாவற்றையும் தாங்குகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். அவை தாங்குவது கூரையை மட்டும். உள்ளே மறைந்திருக்கும் இன்னும் இரண்டு பீம்கள்தான் தளங்களைச் சுமக்கின்றன, கீழ்த்தளம் அவற்றிலிருந்து தொங்குகிறது. சிவப்பு வண்ணமும் 1990 வாக்கில்தான் பூசினார்கள், அதுவரை வெறும் கான்கிரீட் நிறம். இந்த நகரத்தில் பேரணி, ஆர்ப்பாட்டம் என்றால் ஆட்கள் கூடும் முதல் இடம் இதன் அடிப்பகுதிதான்.

மேல்தளத்தில் ஓவியங்கள் சுவரில் மாட்டப்படவில்லை, சுவரே இல்லை. ஒரு கான்கிரீட் கனசதுரம், அதன் பிளவில் செருகி மரஆப்பு வைத்து இறுக்கிய தடித்த கண்ணாடிப் பலகை, அந்தக் கண்ணாடியில் ஓவியம். இப்படி வரிசை வரிசையாக, ஹால் முழுவதும். வான்கோவும் ரெம்ப்ராண்ட்டும் பிரேசில் ஓவியர் போர்ட்டினாரியும் ஒரே தரையில் நம் உயரத்துக்கு நிற்கிறார்கள். யார் வரைந்தது என்று தெரிய வேண்டுமென்றால் பின்பக்கம் சுற்றிப் போக வேண்டும், பெயர்ச்சீட்டு அங்கேதான். முதலில் படத்தைப் பார், பிறகு பெயரைப் படி. நான் இரண்டு மூன்று படங்களுக்குப் பிறகு பெயர் தேடுவதையே விட்டுவிட்டேன். 1996இல் நிர்வாகம் இந்தக் கண்ணாடிகளையெல்லாம் எடுத்துவிட்டுச் சாதாரணச் சுவர்களை எழுப்பியது. 2015இல்தான் அவை திரும்பி வந்தன. அந்த இடைப்பட்ட வருடங்களில் வந்து பார்த்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பக்கத்தில் 2025இல் திறந்த 14 மாடிப் புதுக் கட்டடத்துக்கு பியெத்ரோ பெயர் வைத்திருக்கிறார்கள், பழையதற்கு லீனா பெயர். புதியதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

புதன், செஸ்க் பொம்பேயா

சாவோ பாவுலோவில் புதனும் சனியும் ஃபெய்ஜோவாடா நாள். கறுப்பு பீன்ஸையும் பன்றி இறைச்சியையும் மணிக்கணக்கில் வேகவைத்து, சோறு, கீரை, ஆரஞ்சுத் துண்டோடு தருவார்கள். மதியம் ஒரு தெருமுனைக் கடையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தே போனேன். இன்று பார்த்தது என் கணக்கில் இந்தப் பயணத்தின் உச்சம், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

செஸ்க் என்பது வணிக நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு சிறு விகிதத்தைக் கட்டாயமாகச் செலுத்த, அந்தப் பணத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடக்கும் அமைப்பு, 1946இலிருந்து இருக்கிறது. நீச்சல்குளம், நூலகம், நாடகம், பல் மருத்துவம் என்று எல்லாம் உண்டு. பொம்பேயா பகுதியில் இரும்பு டிரம் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஆலையை வாங்கியவர்கள், அதை இடித்துப் புது மையம் கட்டும் யோசனையில் இருந்தார்கள். லீனாவைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை அவர் வந்தபோது ஆள் இல்லாத ஆலை, கான்கிரீட் சட்டகத்தின் நேர்த்தி மட்டும் கண்ணில் பட்டது. அடுத்து ஒரு சனிக்கிழமை வந்தால் காட்சியே வேறு. பிள்ளைகள் ஓடுகிறார்கள், இளவட்டங்கள் ஒழுகும் கூரைக்குக் கீழே பந்து உதைக்கிறார்கள், அம்மாக்கள் கறி சுடுகிறார்கள், ஒரு மூலையில் பொம்மலாட்டம். இது அப்படியே தொடர வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். இடிக்கும் பேச்சு அதோடு போயிற்று.

1977இலிருந்து 1986 வரை அந்த வேலை நடந்தது. தன் அலுவலகத்தை சைட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு, கூடவே ஆந்த்ரே வைனர், மார்செலோ ஃபெராஸ் என்ற இரண்டு இளைஞர்களையும் வைத்துக்கொண்டு, மேஸ்திரியோடும் தச்சரோடும் பேசிப் பேசி அங்கேயே தீர்மானித்துக் கட்டியிருக்கிறார். வரைபடத்தை அனுப்பிவிட்டு மாதம் ஒருமுறை காரில் வந்து எட்டிப் பார்க்கும் ஆர்க்கிடெக்ட்டுகளோடுதான் நான் இத்தனை காலமும் வேலை பார்த்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு மூலையிலும் அந்த வித்தியாசம் தெரிகிறது. கல் பாவிய உள்தெருவின் ஓரத்து மழைநீர் வாய்க்காலைப் பாருங்கள், அதன் அடியில் ஆற்றுக் கூழாங்கற்களைப் பதித்திருக்கிறார்கள். இதெல்லாம் அலுவலக மேஜையில் தோன்றாது.

பழைய கொட்டகைகளின் பூச்சை உரித்துச் செங்கல்லை வெளிக்காட்டி, கூரையில் சில ஓடுகளுக்குப் பதில் கண்ணாடி ஓடு போட்டு வெளிச்சத்தை இறக்கியிருக்கிறார். பெரிய ஹாலின் தரையில் வளைந்து வளைந்து ஒரு நீரோடை, அதற்கு சாவோ பிரான்சிஸ்கோ நதியின் பெயர். ஒரு பக்கம் கணப்பு அடுப்பு. நான் போனபோது நாலு பெரியவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒரு பையன் சோபாவில் படுத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், காவலர் ஒருவர் அவனைத் தாண்டிப் போனார், எழுப்பவில்லை. ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் வருவீர்களா என்று கைப்பேசி மொழிபெயர்ப்பில் கேட்டதற்கு, "மழை பெய்தால் மட்டும் வரமாட்டேன்" என்றார்.

தெருவின் கடைசியில் விளையாட்டுக் கோபுரங்கள். நிலத்துக்கு நடுவே ஒரு ஓடை புதைந்து ஓடுவதால் அதன் மேல் கட்ட அனுமதி இல்லை. ஆகவே ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு கான்கிரீட் கோபுரம், அந்தப் பக்கம் ஒன்று. பெரியதில் நீச்சல்குளமும் அதன் மேல் அடுக்கடுக்காக ஆடுகளங்களும், சிறியதில் உடை மாற்றும் அறைகளும். இரண்டையும் இணைக்க ஆகாயத்தில் 8 நடைபாலங்கள், சில நேராக, சில கவட்டை போலப் பிரிந்து. பந்தாடப் போகிறவர் உடை மாற்றிவிட்டு வெட்டவெளியில், காற்றிலும் தூறலிலும் பாலத்தைக் கடந்துதான் களத்துக்குப் போக முடியும். ஓடையின் மேல் கட்டத்தான் கூடாது, பலகை போடலாமே என்று நீளமான மரத்தளம் போட்டுவிட்டார். அது இப்போது வெயில் காயும் கடற்கரை மாதிரி இருக்கிறது, பாதிப் பேர் நீச்சலுடையில்.

பெரிய கோபுரத்தின் ஜன்னல்கள் சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை, குகை வாய் போல ஒழுங்கில்லாத ஓட்டைகள். கண்ணாடி கிடையாது, சிவப்பு மரச் சட்டப் பின்னல் மட்டும், தள்ளினால் நகரும். ஏசி அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. பக்கத்தில் 70 மீட்டர் தண்ணீர்த் தொட்டி. சென்ட்ரிங்கை வளையம் வளையமாக மேலே ஏற்றிக் கான்கிரீட் ஊற்றும்போது ஒவ்வொரு வளையத்தின் அடியிலும் சிமெண்ட் பால் கசிந்து வழியும், அதை எல்லா சைட்டிலும் கொத்திச் சுத்தம் செய்துவிடுவோம். இங்கே அந்தக் கசிவை அப்படியே விட்டிருக்கிறார்கள், கோபுரம் முழுக்க சரிகைக் கரை போல அடுக்கடுக்காக இறங்குகிறது. இதைப் பார்ப்பதற்காகவே நான் இன்னொரு முறை விமானம் ஏறுவேன். எங்கள் சைட்டில் இப்படி விட்டிருந்தால் பில் பாஸ் ஆகியிருக்காது.

வியாழன், கண்ணாடி வீடு

மொரும்பி பகுதி இப்போது பணக்காரர்கள் வாழும் இடம். 1951இல் லீனா தனக்கும் கணவருக்கும் இங்கே வீடு கட்டி முடித்தபோது இது ஒரு பழைய தேயிலைத் தோட்டம், சுற்றிலும் வெறும் மேடு. அந்தக் காலத்துப் புகைப்படங்களில் மொட்டைச் சரிவில் ஒரு கண்ணாடிப் பெட்டி நிற்கும். இன்று வீட்டைக் கண்டுபிடிப்பதே சிரமம், அவ்வளவு மரம். எல்லாம் அவர்கள் வளர விட்டது. இப்போது அவர்கள் பெயரிலேயே உள்ள அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது, முன்பதிவு செய்து வழிகாட்டியோடுதான் பார்க்கலாம்.

முன்பாதி மெல்லிய இரும்புக் குழாய்கள் மேல் நிற்கிறது. கீழிருந்து ஒரு படிக்கட்டு வீட்டுக்குள் ஏறுகிறது, ஏறியதும் வெளிர்நீலக் கண்ணாடி மொசைக் தரை, மூன்று பக்கமும் இலை. நடுவில் சதுரமாக ஒரு வெற்றிடம், அதில் ஒரு மரம் கீழேயிருந்து வீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. அவர் 1951இல் வடிவமைத்த கிண்ண நாற்காலியும் இங்கே உண்டு, அரைக்கோளத்தை ஒரு இரும்பு வளையத்தில் சும்மா வைத்தது, எப்படி வேண்டுமானாலும் சாய்த்துக்கொள்ளலாம்.

இந்த வீட்டுக்கு வந்தவர் யார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மிலானில் போர்க்காலத்தில் வேலை பார்த்தவர், 1943 குண்டுவீச்சில் அவருடைய அலுவலகம் அழிந்துபோனது. கட்ட வேண்டிய வயதில் எல்லாம் இடிந்து விழுவதைத்தான் பார்த்தார். அப்படிப்பட்டவர் புது நாட்டில் முதன்முதலாகக் கட்டியது கண்ணாடிச் சுவர்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். வழிகாட்டிப் பெண் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கண்ணாடியெல்லாம் முன்னால்தான். பின்னால் கெட்டியான சுவர், முற்றம், அதற்கும் பின்னால் சிறிய ஜன்னலோடு வேலைக்காரர்களின் அறைகள், இரண்டையும் இணைப்பது சமையலறை மட்டும். அன்றைய பிரேசில் வீடுகளின் ஏற்பாடு அப்படியே இங்கேயும் இருக்கிறது. அவருடைய பின்னாளைய வேலைகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இது உறுத்துகிறது. அந்த லீனா உருவானது இங்கே இல்லை, வடகிழக்கில், சல்வடோரில். அங்கேதான் அடுத்து போகிறேன்.

வெள்ளி இரவு, ஒஃபிசினா

பிஷிகா பகுதியில் ஜாசெகுவாய் தெரு. லீனா பிரேசிலுக்கு வந்த கப்பலின் பெயர் அல்மிரான்டே ஜாசெகுவாய், அவருடைய கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று நிற்கும் தெருவுக்கும் அதே பெயர்.

ஒஃபிசினா நாடகக் குழுவின் அரங்கம் இது. மனையின் அகலம் 9 மீட்டர், நீளம் சுமார் 50. பழைய செங்கல் சுவர்கள் மட்டும் நிற்க, உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். எட்சன் எலிட்டோ என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து லீனா செய்தது இதுதான்: வாசலிலிருந்து கடைசி வரை மரப்பலகை போட்ட ஒரே தெரு, அதுதான் மேடை. இரண்டு பக்கமும் சாரம் கட்டியதுபோல இரும்புக் குழாய் அடுக்குகள், அவற்றில் பார்வையாளர்கள். கூரை திறக்கும். ஒரு பக்கச் சுவர் பெரிய கண்ணாடி, உள்ளே மண்ணில் வேர்விட்ட ஒரு மரம் அதைத் தாண்டி வெளியே போகிறது.

நான் மூன்றாவது அடுக்கில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு கெட்டி, முதுகு வலித்தது. நாடகம் மணிக்கணக்காகப் போனது, வசனத்தில் பத்தில் ஒன்றுகூடப் புரிந்திருக்காது, ஆனாலும் நகர மனமில்லை. நடிகர்கள் காலடியில் ஓடுகிறார்கள், தலைக்கு மேல் ஏறுகிறார்கள், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகம் எனக்குத் தெரிகிறது, அவர் அழுவதும் தெரிகிறது. கண்ணாடிக்கு வெளியே நகரம் பாட்டுக்கு விளக்கெரிய ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குழுவை வழிநடத்திய ஸே செல்சோ 2023 ஜூலையில் தீ விபத்தில் இறந்துபோனார். பக்கத்து நிலத்தில் கோபுரங்கள் வரக்கூடாது, பூங்காதான் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் சண்டை போட்டவர். அந்தக் கண்ணாடிக்கு வெளியே ஒரு வணிக வளாகத்தின் சுவர் இருந்தால் இன்றிரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே அந்தச் சண்டையின் நியாயம் புரிந்துவிடும்.

ஞாயிறு

இன்று பவுலிஸ்டாவில் கார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையை மூடி நடப்பவர்களிடம் விட்டுவிடுகிறார்கள். சைக்கிள், பாட்டு, சோளம் விற்பவர்கள். மாஸ்ப்புக்குக் கீழே கொஞ்சம் நிழலில் நின்றுவிட்டு விமானத்துக்குக் கிளம்பினேன்.

செவ்வாய், சல்வடோர்

திங்கள் எல்லாம் பூட்டு, அதனால் நேற்று மீன் சாப்பிட்டு ஓய்வெடுத்ததோடு சரி.

சோலார் டோ உன்யோ கடலை ஒட்டி நிற்கும் பழைய வளாகம். மாளிகை, தேவாலயம், அடிமைகளை வைத்திருந்த குடியிருப்பு, கிடங்குகள். பிற்பாடு மூக்குப்பொடி ஆலை, சிப்பாய்களின் முகாம் என்று கைமாறியது. 1958இல் பாடம் நடத்த சல்வடோருக்கு வந்த லீனா இங்கேயே தங்கி, பாஹியா மாநில நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இயக்குநராகி, அதற்காக இந்த வளாகத்தைச் சீரமைத்து 1963இல் திறந்தார்.

மாளிகைக்குள் அவர் சேர்த்த முக்கியமான ஒன்று, மரப் படிக்கட்டு. பழைய மரத்தூண்கள் நாலுக்கு நடுவே ஒரு மையத்தூண் நட்டு, அதைச் சுற்றி அகலமான பலகைகள் ஏறுகின்றன. ஆணியோ போல்ட்டோ இல்லை. பலகையின் நாக்கு உத்திரத்தின் துளைக்குள் புகுந்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, அந்த நாக்கில் ஒரு ஓட்டை, அதில் அடித்து இறக்கிய மர ஆப்பு. உள்ளூர் மாட்டுவண்டிக்காரர்களின் மூட்டு முறை இது. ஏறும்போது சத்தமே வரவில்லை. நான் நாலைந்து தடவை ஏறி இறங்கியதில் காவலாளி சந்தேகப்பட்டு வந்துவிட்டார், படிக்கட்டின் அடியைக் காட்டி ஆப்பைத் தட்டினேன், சிரித்துக்கொண்டே தானும் ஒரு தட்டு தட்டினார்.

திறப்புக்கு வைத்த கண்காட்சி வடகிழக்குப் பிரேசிலின் ஏழைகள் கையால் செய்த பொருள்கள். ஃபியூஸ் போன பல்பில் செய்த மண்ணெண்ணெய் விளக்கு, எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த குவளை, ஒட்டுத்துணிப் போர்வை. இவற்றை அழகுப் பொருளாக அவர் காட்டவில்லை, குப்பையிலிருந்துகூடத் தேவையானதைச் செய்துகொள்ளும் அறிவு என்று காட்டினார். இங்கேயே ஒரு பள்ளி தொடங்கி, பொறியியல் மாணவர்களையும் கைத்தொழில் செய்பவர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, அந்த அறிவிலிருந்து பிரேசிலுக்கான தொழில் வடிவமைப்பை வளர்க்கத் திட்டம். 1964 ஏப்ரலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பள்ளி நின்றது, லீனா பதவியை விட்டு வெளியேறினார். அடுத்த வருடம் அதே கண்காட்சி ரோமுக்குப் போய், திறக்கும் நேரத்தில் பிரேசில் அரசே அதை நிறுத்தியது. ஒரு தகர விளக்கைப் பார்த்து அரசாங்கம் பயந்தது என்றால் அந்த விளக்கில் ஏதோ இருந்திருக்கத்தான் வேண்டும்.

புதன், பெலோரின்யோ

1986இல் நகராட்சி அழைத்து லீனா திரும்பி வந்தார், வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பாழடைந்து கிடந்த பெலோரின்யோ என்ற பழைய நகரப் பகுதியில் வேலை.

பெனின் இல்லத்துக்குக் காலையிலேயே போய்விட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் வளைகுடாவிலிருந்து கரை தெரியாத கடலைத் தாண்டி அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் இந்த ஊரின் பெரும்பகுதி. புகைப்படக்காரர் பியர் வெர்ஜே அங்கிருந்து சேகரித்த பொருள்கள் உள்ளே இருக்கின்றன. கட்டடத்தின் கான்கிரீட் தூண்களுக்கு லீனா பெயிண்ட் அடிக்கவில்லை, பின்னிய தென்னோலையைச் சுற்றிக் கட்டிவிட்டார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு தூணின் பின்னல் இறுக்கம், அடுத்ததில் கொஞ்சம் தளர்வு, யாரோ நாலைந்து பேரின் கை. விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது.

அங்கிருந்து மிசெரிகோர்டியா ஏற்றம். மேல் நகரத்திலிருந்து கீழ் நகரத்துக்கு இறங்கும் செங்குத்தான சரிவு, அதில் வரிசையாக இடிந்த வீடுகள். லீனாவும், லெலே என்று எல்லாரும் கூப்பிடும் ஜோவாவ் ஃபில்கெய்ராஸ் லிமாவும் சேர்ந்து இதைக் கையில் எடுத்தார்கள். லெலே ஃபெர்ரோசிமெண்ட்டில், அதாவது கம்பிவலையின் மேல் சிமெண்ட் காரை வைத்து மெல்லிசாக வார்க்கும் முறையில், கைதேர்ந்தவர். சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள, மடிப்பு மடிப்பான பலகைகளைப் பட்டறையில் வார்த்து, வண்டி போகாத இந்தச் சரிவில் ஆட்களே தூக்கிவந்து மாட்டும்படி செய்தார். பழைய சுவர் விழாமல் இந்த மடிப்புப் பலகைகள் முட்டுக் கொடுக்கின்றன, எது பழசு எது புதுசு என்று ஒளிக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய மாமரம். அதை வெட்டாமல் சுற்றி வளைத்து, குகை வாய் ஜன்னல்களோடு ஓர் உணவகம் கட்டினார்கள். பல வருடம் பூட்டிக் கிடந்த இடம் இது, காரையின் மேல் பாசி ஏறியிருக்கிறது. மரம் மட்டும் நன்றாக இருக்கிறது.

அவருடைய திட்டம் ரொம்ப எளிமை. கீழே சிறு கடைகள், மேலே வீடுகள், அந்த வீடுகளில் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் அதே ஜனங்கள். யாரையும் வெளியேற்றக் கூடாது. இந்தச் சரிவில் செய்து காட்டிவிட்டு மற்றத் தெருக்களுக்கும் கொண்டுபோக நினைத்தார். 1992 மார்ச்சில் லீனா இறந்தார். அதே வருடம் மாநில அரசு பெலோரின்யோவைப் புதுப்பிக்க ஆரம்பித்தது, ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குக் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, வீட்டு முகப்புகளுக்கு மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்பும் அடித்து, சுற்றுலாக் கடைகளை வைத்தது. இன்று மாலை அந்தத் தெருக்களில் நடந்தேன். வண்ணம் பளிச்சென்று இருக்கிறது, மேல்மாடி ஜன்னல்களில் துணி காய்வதைக் காண்பது அபூர்வம். அவர் வரைந்ததைச் செய்திருக்கலாம், செலவும் அதிகமில்லை, ஆளும் இருந்தார்கள். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நாளை மதியம் விமானம். காலையில் உன்யோவுக்குப் போய், காவலாளி அனுமதித்தால், அந்தப் படிக்கட்டு ஆப்பின் அளவை டேப் வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.